வியாழக்கிழமைக் குப்பி

கொடுக்காத பரிசோதனைக்கு முடிவு வந்திருந்தது.

லிஃப்ட்காரர் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். முதல் தடவை வாசலிலேயே நின்றபடி. இரண்டாம் தடவை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு. மூன்றாம் தடவை சமையலறைக்கு வந்து, அடுப்பு முன் நின்ற மனைவியின் காதில் விழும்படி, செய்தி வாசிப்பவர் குரலில்.

"'தங்கள் மல மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் காணப்பட்டது. இதனால் தங்களுக்குப் புற்றுநோய் என்று பொருள் இல்லை. எனினும் காரணத்தை அறிய, பெருங்குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்ப்பது அவசியம்.' கேட்டியா சிஐடி? தங்கள் மல மாதிரியாம்! நான் எப்ப குடுத்தேன்? அந்த டப்பாவை நான் கையால தொட்டதுகூட இல்ல!"

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் அப்படியே நின்றது.

"பாக்காமலே ரிசல்ட் எழுதியிருக்கானுங்க," என்றார். கோபத்தைவிட அவர் முகத்தில் சந்தோஷம்தான் அதிகம் தெரிந்தது. "எல்லாம் கண்துடைப்புன்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் பராமரிக்கும் வேலை அவருக்கு. அவர் கணக்கில் உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. லிஃப்டின் தலைமேல் ஏறி, கயிறு, சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாதாந்திர அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு வகை. பார்க்காமல் போடுகிறவர்கள் இன்னொரு வகை. பார்க்காமல் போட்ட ஒரே ஒரு கையெழுத்துக்காக எட்டு வருஷ சிநேகிதனோடு பேச்சையே நிறுத்தியவர் அவர்.

"இதைச் சும்மா விடப்போறதில்ல," என்று கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குப் போற பில்டிங்ல எல்லாம் சொல்றேன் பாரு."

அவள் அடுப்பை அணைத்தாள். அவளுக்கும் கடிதம் போன வாரமே வந்திருந்தது. ரத்தம் எதுவும் காணப்படவில்லை, இரண்டு வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். இப்போது அதைப் பார்த்தபோது, ஏதோ தெரியாத பெண்ணுக்கு வந்த கடிதம் மாதிரி இருந்தது.

ஏனென்றால் இரண்டு குப்பியிலும் இருந்தது அவளுடைய மாதிரிதான்.

சிஐடி என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. லாண்டரிக் கடையில் துணி வாங்கும் மேஜையில் பதினாறு வருஷம். துவைக்கப் போடுமுன் துணிகளின் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்க்க வேண்டும். அது கடையின் விதி. அவள் அதோடு நிற்க மாட்டாள். கிடைத்த பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, பாதி எழுதிய சீட்டு எல்லாவற்றையும் வைத்து, கோட்டுக்குச் சொந்தக்காரர் யார், யாரோடு சண்டை, எந்த ஊருக்குப் போய் வந்தார் என்று சொல்லிவிடுவாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். பெயரைக் கடையில் வைத்தார்கள், வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

ஐம்பது தாண்டிய எல்லாருக்கும் சுகாதார அலுவலகம் அனுப்பிய டப்பா வந்தபோது முதலில் பிரித்தது அவள்தான். உள்ளே விரல் நீளத்தில் ஒரு குப்பி, அதன் மூடியோடு சேர்ந்த மெல்லிய குச்சி, பெயர் அச்சிட்ட சீட்டு, படம் போட்ட விளக்கத்தாள். தாளை இரண்டு பக்கமும் படித்தாள். இந்தத் துளியூண்டு குச்சியில் ஒட்டுவதை வைத்து உள்ளே நடப்பதைக் கண்டுபிடிப்பார்களா? அவள் தொழிலேதான் இது! ஆசையாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை தன் குப்பியை முடித்து, கடைக்குப் போகும் வழியில் சுகாதார நிலையப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

அவரோ, "கருமம், இதையெல்லாமா கவர்ல போட்டு அனுப்புவாங்க?" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "எனக்கு என்ன குறைச்சல்? பசிக்குது, சாப்பிடுறேன், படுத்தா தூங்குறேன். என் வயித்தைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

நாளை, நாளை என்று கடைசித் தேதியான வியாழக்கிழமை வந்துவிட்டது. சுகாதாரப் பணியாளர் பத்து மணிக்கு வாசலுக்கு வருவார். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் கணவர் பெயரில் அவள் செய்யாத காரியம் எது? மகளின் மதிப்பெண் அட்டைக்குக் கையெழுத்து, சொந்தக்காரர்களுக்கு வாழ்த்து, அலுவலகப் படிவங்கள். இதுவும் இன்னொரு படிவம் என்றுதான் அன்று பட்டது. போதாததற்கு மனசுக்கு ஒரு நியாயமும் கிடைத்தது: ஒரே அடுப்பு, ஒரே சட்டி, அவர் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன், பெரிதாக என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

வந்துவிட்டது.

கணவருக்குக் கடிதம் வந்த மறுநாள் கடையில் கூட்டம் ஓய்ந்ததும், பாலித்தீன் உறை மாட்டித் தொங்கிய கோட்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு, கடிதத்திலிருந்து குறித்து வைத்திருந்த உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"பரிசோதனை உதவி மையம். நர்ஸ் பேசறேன், சொல்லுங்கம்மா."

"ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க."

"சரி."

"அவங்க திங்கக்கிழமை ஒரு டியூப் குடுத்தாங்க. அதே வாரம் வியாழக்கிழமை இன்னொண்ணு. திங்கக்கிழமை டியூப்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. வியாழக்கிழமை டியூப்ல ரத்தமாம். வயிறு ஒண்ணு, பதில் ரெண்டு. அது எப்படி?"

"ஒரு ஆளுக்கு ஒரு டியூப்தானேம்மா அனுப்புவோம். ரெண்டாவது எங்கேருந்து வந்துச்சு?"

அவள் ஒரு கோட்டின் உறையை நீவிவிட்டாள்.

"வீட்டுக்காரரோடதா?" என்றாள் நர்ஸ்.

"நீங்க எங்க கடைக்கு வேலைக்கு வரலாம்," என்றாள் அவள்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "பன்னெண்டு வருஷமா இந்த ஃபோன்ல உக்காந்திருக்கேன். இது புதுசு. சரி, கேளுங்க. பெருங்குடலோட உள்சுவர்ல சில பேருக்குச் சின்னதா சதை வளரும். பாலிப்னு சொல்லுவோம். வலிக்காது, உறுத்தாது, இருக்குறதே தெரியாது. அது தினம் தினம் ரத்தம் கசியாது. ஒரு நாள் கசியும், நாலு நாள் கம்முனு இருக்கும்."

"அப்ப திங்கக்கிழமை அதுக்கு லீவா?"

"இருந்திருக்கலாம். இல்ல, மூலம் மாதிரி வேற ஏதாவது சாதாரண காரணமாவும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"மூணாவதா ஒரு டியூப் குடுத்துப் பாத்தா என்ன? மூணுல ரெண்டு என்ன சொல்லுதோ அதை எடுத்துக்கலாமே."

"இது எலெக்‌ஷன் இல்லம்மா. ஒரு தரம் ரத்தம்னு வந்துட்டா, அப்புறம் பத்து தரம் இல்லன்னு வந்தாலும் உள்ள போய்ப் பாத்துத்தான் ஆகணும். பயப்படாதீங்க. இப்படி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புத்து இருக்கவே இருக்காது. ஆனா பாலிப் இருந்து, அதை இப்பவே எடுத்துட்டா, நாளைக்கு அது புத்தா மாற வழியில்லாம போயிடும். அதுக்குத்தான் வீடு வீடா இந்த டப்பாவை அனுப்புறோம். அந்த அம்மாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்திநாலு."

"உடனே வரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. ரத்தம் இப்ப அவங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரே வந்து, இது என்னோடது இல்லன்னு எழுதிக் குடுத்தாத்தான் நாங்க பேரை மாத்த முடியும்." நர்ஸ் குரலைத் தணித்தாள். "சொல்லிடுங்கம்மா. தள்ளிப் போடாதீங்க."

சொல்லத்தான் நினைத்தாள். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வாயெடுத்தாள். அவர் அன்று எத்தனை வீட்டில் அந்தக் கடிதத்தைக் காட்டினார் என்ற கதையை ஆரம்பித்துவிட்டார். கடிதம் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற கூட்டம் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு வருஷ சிநேகிதனையே தூக்கி எறிந்தவர். முப்பத்தோரு வருஷ மனைவிக்கு என்ன சலுகை கிடைக்கும்?

ஊர்ப்பட்ட பைகளைத் துழாவியவள், தன் வயிற்றுக்குள் எத்தனை நாளாக என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். பயத்தைவிட அந்த ஆச்சரியம்தான் அவளை அரித்தது. அது எப்படி இருக்கும்? எவ்வளவு பெரிசு? இப்போது, இந்த நிமிஷம், கசிகிறதா, கம்மென்று இருக்கிறதா?

சனிக்கிழமை மதியம் கடையில் சொல்லிக்கொண்டு, அவர் வேலை செய்யும் பன்னிரண்டு மாடிக் குடியிருப்புக்கே போய்விட்டாள். வீட்டில் என்றால் வார்த்தை வராது என்று தெரிந்துபோயிருந்தது.

தரைத்தளத்தில் லிஃப்டின் கதவு திறந்திருந்தது. முன்னால் 'வேலை நடக்கிறது' என்ற பலகை. அவர் மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தை பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்டுக்காகக் காத்து நின்ற ஒன்பதாம் மாடி டீச்சர் கையில் அதே டப்பா, பிரிக்காமல்.

"அப்ப இதைக் குப்பையில போட்டுடலாம்ங்கிறீங்க?" என்றார் டீச்சர்.

"தாராளமா. நானே சாட்சி. குடுக்காத ஆளுக்கு ரத்தம்னு ரிசல்ட் வந்திருக்கு டீச்சர். நாலாவது மாடிக்காரர் நேத்தே போட்டுட்டாரு. ஏழாவது மாடியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே."

ஆக மூன்று டப்பா. அவள் இன்னும் நெருங்கி வந்தாள். தான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்ததால், முன்பின் தெரியாத மூன்று பேரின் வயிற்றுக்குள் இருப்பதோ இல்லாததோ யாருக்கும் தெரியாமல் போகப் போகிறது.

"போடாதீங்க டீச்சர்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட, நீ எங்க இங்க?"

"அந்த ரிசல்ட் சரியான ரிசல்ட்தாங்க. டியூப்தான் வேற பேர்ல போயிடுச்சு. அது என்னோடது."

"என்னோடதுன்னா?"

"வியாழக்கிழமை காலையில, நீங்க குளிச்சிட்டு இருந்தப்ப. உங்க பேர் ஒட்டின டியூப்ல. நான்தான்."

டீச்சர்தான் முதலில் மூச்சு விட்டார். "பரீட்சையில ஆள் மாறி எழுதுறதை நான் பிடிச்சிருக்கேன். இதுலயும் ஆள் மாறுவாங்கன்னு இப்பதான் கேள்விப்படுறேன்."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. எழுந்து, கையை அழுக்குத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பாக்காம கையெழுத்து போட்டிருக்க."

"ஆமாங்க."

"என் கார்டுல."

"ஆமா. ஒரே சாப்பாடுதானே சாப்பிடுறோம்னு…"

"பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லிஃப்ட் இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே வருஷம் மாட்டினது. ஒண்ணைப் பாத்துட்டு ரெண்டுக்கும் கையெழுத்து போட்டா நான் மனுஷனா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"இரு," என்றார். "அப்ப அந்த ரத்தம்?"

"ம்."

"உன்னுதா?"

அவர் முகத்தில் இத்தனை நாள் இருந்த வெற்றிக்களை எங்கே போனதென்று தெரியவில்லை. கருவிப் பெட்டியை இழுத்து, மூடியைத் துணியால் துடைத்து, "உக்காரு," என்றார். "ஏன் நின்னுட்டே இருக்க? உக்காரு முதல்ல. வலிக்குதா எங்கயாவது?"

"ஒண்ணும் வலிக்கல. வலிக்காதாம். அதான் ஆச்சரியமா இருக்கு."

"ஆச்சரியமாம்! இவளைப் பாருங்க டீச்சர்." அழுக்குத் துணியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். "எப்ப போகணும்? நான் என்ன எழுதிக் குடுக்கணும்? இப்பவே போலாமா?"

"இன்னைக்கு லீவுங்க. திங்கக்கிழமை."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, திறந்து கிடந்த லிஃப்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது ஓடும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். மூட்டு வலிக்காரர். நாலாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் படியேறிப் போய், 'நான் சொன்னது தப்பு, தப்பு எங்க வீட்டுலதான்' என்று சொல்லிவிட்டு வந்தார். நாலாவது மாடி டப்பா குப்பை வண்டியோடு போயிருந்தது; வேறொன்று கேட்டு வாங்க உதவி எண்ணை எழுதிக் கொடுத்தாராம். ஏழாவது மாடிக்காரர்கள் குப்பைக் கூடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இறங்கி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. அன்றைக்கு அவளிடம் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், சாலையைக் கடக்கும்போது மட்டும் பிடிக்கிற கையைக் கடந்த பிறகும் விடாமலே வந்தார்.

கேமரா பரிசோதனைக்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடிக்க வேண்டும். அவர் லீவு போட்டுவிட்டார். விளக்கத்தாளை எடுத்து, எத்தனை மணிக்கு எத்தனை டம்ளர் என்று லிஃப்ட் அட்டை மாதிரியே கோடு போட்டுச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொரு டம்ளரையும் அவள் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

"நான் என்ன லிஃப்டா?" என்றாள்.

"பேசாம குடி."

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும், அவர் அன்றைக்குத்தான் தன்னுடைய குப்பியையும் முடித்துவிடுவது என்று முடிவு செய்யாமல் இருந்திருந்தால். பெயர் மாற்றக் கையெழுத்துப் போடப் போனபோது, தனக்கென்று புதிய டப்பா ஒன்றை வாங்கி வந்திருந்தார். வீட்டில் கழிப்பறை ஒன்று. உள்ளே அவள், வெளியே ஒரு கையில் குப்பியும் மறு கையில் விளக்கத்தாளுமாக அவர்.

"ஏய், சீக்கிரம் வா. வந்த மூடு போயிடும்."

"முப்பத்தோரு வருஷம் வராத மூடு, இன்னைக்கு நான் மருந்து குடிச்ச அன்னைக்கா வரணும்?"

"ரெண்டு நிமிஷம்தான் கேக்குறேன்!"

"மருந்து கேக்குமா உங்க பேச்சை?"

கடைசியில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போய் முடித்துவிட்டு வந்தார். மூடியை இரண்டு தடவை சரிபார்த்து, தேதியைத் தன் கையாலேயே எழுதினார்.

மறுநாள் மருத்துவமனையில் அரைத் தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயது. "வலிச்சா சொல்லுங்க. கண்ணை மூடிட்டுப் படுத்துக்கலாம்," என்றாள்.

"மூட மாட்டேன். அந்த டிவியைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க, டாக்டர்."

திரையில் ஈரமாக, இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கப்பாதை வளைந்து வளைந்து போனது. வளையம் வளையமாக மடிப்புகள். அவற்றின் மேல் மெல்லிய கொடிபோல் ரத்த நாளங்கள். இத்தனை அழகாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாக்கு கொஞ்சம் குழறியது, கேள்வி குறையவில்லை.

ஒரு திருப்பத்தில் கேமரா நின்றது.

"இதோ," என்றாள் டாக்டரம்மா.

காம்போடு கூடிய சின்னக் காளான் மாதிரி இருந்தது. கொஞ்சம் சிவந்த தலை. அதன் ஓரத்தில் புள்ளியாக ரத்தம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கு."

"இத்தனை நாளா அங்க உக்காந்து என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"வளந்துட்டு இருந்துச்சும்மா."

மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. காளானின் கழுத்தில் விழுந்து இறுகியது. வெள்ளையாகத் துளி புகை போல ஏதோ எழுந்தது. அவளுக்கு வலி எதுவும் தெரியவில்லை; அடுத்த அறையில் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. அவ்வளவுதான், அதைக் காணோம்.

ஆய்வகத்தில் அதைப் பரிசோதித்துச் சொல்லப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் குழாய்களை எல்லாம் கழற்றி மாட்டினார். கழற்ற வேண்டிய அவசியம் ஒன்றுக்கும் இல்லை. அதற்கிடையில் அவருடைய குப்பிக்குப் பதில் வந்தது, ரத்தம் இல்லை என்று. படித்துவிட்டு அதை மேஜையில் போட்டார். "என்னுதை யாரு கேட்டா?" என்றார்.

பதினோராம் நாள் இருவரும் டாக்டரம்மாவுக்கு எதிரே, பள்ளியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"கேன்சர் இல்ல," என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஆனா விட்டு வச்சிருந்தா வருஷக்கணக்குல மெதுவா அந்தப் பக்கம் போகக்கூடிய வகை. முழுசா எடுத்தாச்சு. மூணு வருஷத்துல மறுபடி ஒரு தடவை உள்ள பாக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இருக்கவில்லை.

அவளுக்கோ இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "டாக்டர், இவர் தன்னோடதைத் தானே குடுத்திருந்தா, எனக்குத் திங்கக்கிழமை ரிசல்ட்டோட முடிஞ்சிருக்குமே? தப்பு பண்ணதாலதானே தெரிஞ்சுது?"

"அப்படி எடுத்துக்காதீங்கம்மா. ஒரு தடவை தப்பினாலும் அடுத்த தடவை மாட்டும்னுதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப அனுப்புறோம். நடுவுல ரத்தம் தெரிஞ்சாலோ, மலம் போற பழக்கம் பல வாரமா மாறியிருந்தாலோ, டப்பாவுக்குக் காத்திருக்காம வந்துடணும். உங்களுக்கு இந்தத் தடவை அதிர்ஷ்டம். எல்லார் வீட்லயும் இப்படி…" டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இப்படி ஒத்தாசையான ஆளுங்க இருக்க மாட்டாங்க."

"இனிமே அவங்கவங்க டியூப் அவங்கவங்களுக்குத்தான்," என்றார் அவர்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களாம்மா?"

"ஒரே ஒரு அண்ணன். அறுபது ஆச்சு."

"அவரும் பாத்துக்கணும். உங்களுக்கு இருந்ததால அவர் இன்னும் கவனமா இருக்கணும். நீங்களே சொல்லிடுங்க."

மருத்துவமனை வாசலில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும், வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல், அவள் ஃபோனை எடுத்தாள். அண்ணன் ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து அடுத்த அறைக்குப் போகிற ஆள். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது. ஃபோனை வைக்கவும் கூடாது."

"என்ன பீடிகை பலமா இருக்கு? கேளு."

"உங்க வீட்டுக்குச் சின்னதா ஒரு டப்பா வந்திருக்குமே, சுகாதார ஆபீஸ்லேருந்து. அதை எங்க வச்சிருக்கீங்க?"

மறுமுனையில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் மெதுவாக, "அதெல்லாம் உங்க அண்ணி பாத்துக்கிட்டா," என்றார்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே கையை நீட்டிவிட்டார்.

"குடு இப்படி," என்றார். "மச்சான்கிட்ட நான் பேசறேன்."